நிற்கத் தெரிந்த வண்டி

(பட்டிமன்றத் தலைப்பு: வேகமான கார் வேண்டுவோர்க்கு ஏற்ற வழி, கம்பெனியே வேக வண்டியாகச் செய்ததை வாங்குவதே! சாதாரண வண்டியை வாங்கி மாற்றிக்கொள்வதே! இடம்: தேவனாம்பட்டினம் கடற்கரை, கடலூர். ‘வாங்குவதே’ என்ற அணியின் நிறைவுப் பேச்சு.)

நெஞ்சம் நிறைந்த நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி என் வேலையைப் பாதியாகக் குறைத்த என் அணித் தோழர்களே! என் பேச்சுக்கு இப்போதே பதில் எழுதத் தொடங்கிவிட்ட எதிரணி நண்பர்களே! அலையோசையோடு போட்டி போட்டுக் கைதட்டும் தேவனாம்பட்டினத்துப் பெருமக்களே! வீட்டிலே ஒரு கையில் முறுக்கும் மறு கையில் ரிமோட்டுமாக உட்கார்ந்திருக்கும் தொலைக்காட்சி நேயர்களே! 

நடுவர் ஐயா என்னை அழைக்கும்போது ஒரு குத்து குத்தினார். “சங்க இலக்கியத்திலே கார் என்றால் மழைமேகம். இந்தத் தமிழ்ப் பேராசிரியருக்குத் தெரிந்த கார் அது ஒன்றுதான். இவர் வேக வண்டியைப் பற்றி என்ன பேசப் போகிறார்?” என்றார். ஐயா, அந்தக் காருக்கும் வேகம் உண்டு! ஐப்பசி, கார்த்திகையிலே அந்தக் கார் எந்த வேகத்தில் வரும் என்று கடலூர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். அதற்கு பிரேக்கும் கிடையாது! (சிரிப்பு, கைதட்டல்)

பிரேக் என்ற சொல் வந்துவிட்டது. நல்லதாயிற்று. நான் பேசப் போவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

எதிரணித் தலைவி அம்மையார் அழகாக ஒரு கணக்குப் போட்டார்கள். “2016இலே போலோ ஜி.டி.ஐ. என்று ஒரு வண்டி வந்தது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதி. கதவு மூன்று. விலை 25 லட்சத்துக்கு மேலே. அதே போலோ என்ற பெயரிலே சாதாரண வண்டி 10 லட்சத்துக்குள்ளே கிடைத்தது. அதை வாங்கி, மேலே இரண்டு மூன்று லட்சம் போட்டு மாற்றினால் வேலை முடிந்தது. நடுத்தரக் குடும்பத்துக்கு எது கட்டுபடியாகும்?” என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. அம்மா, உங்கள் கணக்குக்குப் பதில் கணக்கு என்னிடம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

அடுத்து வந்த வழக்கறிஞர் தம்பி இன்னும் ஒரு படி மேலே போனார். இந்த ஊர்க் கோட்டையையே சாட்சிக்கு இழுத்தார். “நாம் உட்கார்ந்திருக்கும் இந்தத் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயன் என்ன புதிதாகவா கட்டினான்? இருந்த கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கி, தன் வசதிக்கு மாற்றிக்கொண்டான். செயிண்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தான். சாதாரண மாடலை வாங்கி மாற்றுவது சரித்திரத்திலேயே இருக்கிறது!” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். சொந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் கைதட்டத்தான் தோன்றும்.

தம்பி சொன்னது உண்மைதான். 1690இலே கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியது. கோட்டையை மட்டுமா? பீரங்கியை வெடித்து, குண்டு போய் விழுகிற தூரம்வரை உள்ள ஊர்களும் எங்களுக்கே என்று எடுத்துக்கொண்டார்கள். குண்டு கிராமங்கள் என்றே பெயர் நின்றுவிட்டது. பிறகு கோட்டையைப் பலப்படுத்தினார்கள், மாற்றினார்கள். எல்லாம் சரி. ஆனால் தம்பி, கதையைப் பாதியிலே நிறுத்திவிட்டீர்களே! 1758இலே லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி வந்தான். முற்றுகையிட்டான். சில வாரத்திலே கோட்டை விழுந்தது. இடித்துத் தள்ளினான். நாளைக் காலையிலே ஆற்றோரம் போய்ப் பாருங்கள், மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று. வாங்கி மாற்றியதன் பெருமைக்கு நீங்கள் கொண்டுவந்த சாட்சி, எங்கள் பக்கம் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது! (பலத்த கைதட்டல்)

சிரிப்பு இருக்கட்டும். விஷயத்துக்கு வருவோம்.

என்னிடம் படித்த பையன் ஒருவன். நல்ல பையன். வேலைக்குப் போனான், கார் வாங்கினான், ஒரு நாள் வீட்டு வாசலிலே கொண்டுவந்து நிறுத்தினான். வண்டி வருவதற்கு முன்னாலே சத்தம் வந்துவிட்டது. என் வீட்டம்மா, “தண்ணி லாரி வந்திடுச்சு”ன்னு குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுறாங்க. (சிரிப்பு) வெளியே போய்ப் பார்த்தால் சின்னக் கார்! “என்னப்பா இது?” என்றேன். “ஆல்ட்ரேஷன் பண்ணியிருக்கேன் ஐயா”ன்னான். பேஸ் மாடல் வண்டி பாருங்கள், அது பாட்டுக்குப் பேசாமல் போகும். அதைப் போய்க் கத்த வைத்திருக்கிறான். அந்தக் கருவிக்கு சைலன்சர் என்று பெயர் வைத்ததே சும்மா இருக்கச் சொல்லித்தான்!

“என்னென்ன மாத்தினே?” என்று கேட்டேன். பெருமையாக அடுக்கினான். கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றி இஞ்சின் சக்தியைக் கூட்டியிருக்கிறான். காற்று உள்ளே போகிற வழியை அகலப்படுத்தியிருக்கிறான். புகை போகிற வழியையும்தான். பெரிய சக்கரம். பின்னாலே ஒரு ரெக்கை. “பறக்கவா போறே?” என்றேன். சிரித்தான். கடைசியாக ஒன்று கேட்டேன்: “பிரேக் என்னப்பா?” அவன் சொன்னான்: “பிரேக் கம்பெனி பிரேக்தான் ஐயா. அது ஒண்ணும் பண்ணல. நல்லாத்தான் பிடிக்குது.”

நடுவர் அவர்களே, இந்த வழக்கு முழுவதும் அந்த ஒரு பதிலிலே இருக்கிறது. ஓடுவதற்கு ஆயிரம் செய்தான். நிற்பதற்கு ஒன்றும் செய்யவில்லை. நல்லாத்தான் பிடிக்குது என்கிறான். ஆமாம், நன்றாகத்தான் பிடிக்கும். எந்த வேகத்துக்காக அந்த பிரேக்கைச் செய்தார்களோ, அந்த வேகத்துக்கு நன்றாகப் பிடிக்கும்.

தாய்மார்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. நல்ல தார் ரோட்டிலே 40 கிலோமீட்டர் வேகத்திலே போகிற வண்டியை பிரேக் போட்டு நிறுத்தச் சுமார் 9 மீட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 கிலோமீட்டரிலே போனால் எவ்வளவு வேண்டும்? வேகம் இரண்டு மடங்கு, தூரமும் இரண்டு மடங்கு, 18 மீட்டர் என்றுதான் மனசு சொல்லும். அதுதான் இல்லை. 36 மீட்டர்! வேகம் இரண்டு மடங்கானால் நிற்கிற தூரம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. இது இயற்கையின் கணக்கு. இதிலே எந்த மெக்கானிக்கும் தள்ளுபடி தர முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. குறுக்கே ஒன்று வருவதைக் கண் பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகிறது என்றால், 80 கிலோமீட்டர் வேகத்திலே அந்த ஒரு விநாடியிலேயே 22 மீட்டர் போய்விடும். பிரேக் வேலையைத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

பிரேக் என்ன செய்கிறது? ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிறது. அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அடித்தால் சூடு ஏறிக்கொண்டே போகும். மூடிய டிரம் பிரேக்கிலே சூடு வெளியேற வழி குறைவு. திறந்த டிஸ்க் பிரேக்கிலே காற்றுப் படும், சீக்கிரம் ஆறும். சூடு தாங்க முடியாமல் போனால் என்ன ஆகும்? பெடலை மிதிப்பீர்கள், பிடிப்பு குறைந்துகொண்டே போகும். அந்த நேரத்திலே பின்னாலே இருக்கிற ரெக்கை வந்து காப்பாற்றாது!

இப்போது கம்பெனிக்காரன் என்ன செய்கிறான் என்று பார்ப்போம். தூரத்துக்குப் போக வேண்டாம். நம் தமிழ்நாடு, இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் தொழிற்சாலையும் கார்ப் பந்தயத் திடலும் ஒரே ஊர்ப்பக்கம். 2021இலே ஹூண்டாய் ஐ20 என்-லைன் என்று ஒரு வண்டியை விற்பனைக்கு விட்டது. இஞ்சின் எது? சாதாரண ஐ20 டர்போவிலே இருந்த அதே 1 லிட்டர் டர்போ. அதே 120 குதிரைத்திறன். ஒரு குதிரையைக்கூட அதிகம் கட்டவில்லை! அப்புறம் என்னதான் மாற்றினார்கள்? சாதாரண ஐ20யிலே பின் சக்கரத்துக்கு டிரம் பிரேக். இதிலே நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க். சஸ்பென்ஷனை இறுக்கினார்கள். ஸ்டீயரிங் கைக்குக் கொஞ்சம் கனமாக, உறுதியாக நிற்கும்படி செய்தார்கள். சைலன்சர் சத்தத்தையும் கொஞ்சம் மாற்றினார்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன். பையன்கள் வாங்க வேண்டாமா? (சிரிப்பு) ஆக, விளையாட்டு வண்டி என்று பெயர் வைத்தபோது கம்பெனி சக்தியைத் தொடவில்லை. பிடிப்பைத் தொட்டது.

அதற்கு முன்பு, 2015இலே, ஃபியட் கம்பெனி அபார்த் புன்டோ என்று ஒன்று கொண்டுவந்தது. சாதாரணப் புன்டோவின் 1.2 லிட்டர் பெட்ரோல் இஞ்சினுக்கு 68 குதிரைத்திறன். அபார்த்திலே 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரைத்திறன். இரண்டு மடங்குக்கும் மேலே! சும்மா இஞ்சினை மட்டும் தூக்கிப் போட்டார்களா? நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வைத்தார்கள். வண்டியின் உயரத்தைக் குறைத்தார்கள், வளைவிலே சாயாமல் போக. வெளியே நின்று பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாயல். உள்ளே போனால் வேறு வளர்ப்பு. விலை? ஷோரூம் விலை 10 லட்சத்துக்குள்ளே. அம்மையாரே, நீங்கள் 25 லட்சத்தைக் காட்டிப் பயமுறுத்தினீர்கள். அபார்த்தும் 10 லட்சத்துக்குள்ளே, என்-லைனும் தொடக்க விலை 10 லட்சத்துக்குள்ளே. உங்கள் கணக்கிலே வண்டிக்கு ஒரு தொகை, மாற்றத்துக்கு இரண்டு மூன்று லட்சம் என்றீர்களே, அந்தப் பணத்துக்குக் கம்பெனியே செய்து கொடுத்திருக்கிறது. வாரண்டியோடு! (கைதட்டல்)

உடனே எதிரணிக் கவிஞர் கேட்பார்: “நாங்களும் பிரேக்கை மாற்றுகிறோம், சஸ்பென்ஷனையும் மாற்றுகிறோம், அப்போது ஒப்புக்கொள்வீர்களா?” கவிஞரே, எல்லாவற்றையும் மாற்றினால் செலவு எங்கே போய் நிற்கும் என்று அம்மையாரைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். இரண்டாவது, தனித்தனியாக நல்ல பொருளை வாங்கி ஒன்று சேர்த்துவிட்டால் சேர்ந்துவிடுமா? மாப்பிள்ளை தங்கம், பெண்ணும் தங்கம். சேர்ந்து குடித்தனம் பண்ணினால்தானே தெரியும்! கம்பெனிக்காரன் அந்தக் குடித்தனத்தைச் சோதித்துவிட்டுத்தான் விற்கிறான். மலையிலே ஏற்றுகிறான், மழையிலே ஓட்டுகிறான், வெயிலிலே நிறுத்துகிறான், மோதியே பார்க்கிறான். ஷெட்டிலே மாற்றிய வண்டியைச் சோதிக்கிறவர் யார்? வாங்கியவர்தான். எங்கே சோதிக்கிறார்? கடலூர் சிதம்பரம் ரோட்டிலே!

இன்னொரு உண்மையையும் வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டும். சாதாரண வண்டியின் கம்ப்யூட்டரிலே புரோகிராமை மட்டும் மாற்றினால் சக்தி கூடுகிறதே, அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது? ஆகாயத்திலிருந்தா? நம் அம்மா உலை வைக்கும்போது வீட்டிலே ஐந்து பேர் என்றால் ஐந்து பேருக்கு மட்டுமா அரிசி போடுவார்கள்? ஒரு கை கூடப் போடுவார்கள். யாராவது வந்தால்? பிள்ளை இன்னொரு வாய் கேட்டால்? அந்த ஒரு கை அரிசிதான் வீட்டின் மானம். அது மாதிரி, இஞ்சின் செய்கிறவனும் ஒரு கை மிச்சம் வைக்கிறான். பெட்ரோல் தரம் குறைவாக இருந்தால்? அக்கினி நட்சத்திர வெயிலிலே வண்டி நின்று நின்று போனால்? சர்வீஸ் ஒரு மாதம் தள்ளிப் போனால்? இப்படி வருகிற விருந்தாளிகளுக்காக வைத்த மிச்சம் அது. புரோகிராமை மாற்றுகிறவர் அந்த மிச்சத்தை எடுத்துத்தான் வேகம் என்று உங்கள் தட்டிலே போடுகிறார். சாப்பிடும்போது ருசியாகத்தான் இருக்கும். விருந்தாளி வரும்போது பானை காலி! கிளட்ச் நழுவும், கியர் பாக்ஸ் முனகும், இஞ்சின் சூடேறும். (கைதட்டல்)

நான் தமிழாசிரியன். வண்டியைப் பற்றி வள்ளுவரைக் கேட்காமல் விட முடியுமா? வலியறிதல் என்று ஓர் அதிகாரம். அதிலே 475ஆவது குறள் நீங்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்தது. மயிலிறகு ஏற்றிய வண்டி. மயிலிறகுக்கு என்ன கனம் இருக்கிறது? ஊதினால் பறக்கும். ஆனால் அதையும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்கிறார் வள்ளுவர். கவனியுங்கள், ஏற்றுகிற பொருளின் மேலே குறை இல்லை. வண்டியின் மேலேயும் குறை இல்லை. அச்சு எதற்காகச் செய்யப்பட்டது என்று கேட்காமல் ஏற்றினானே, அவன்தான் குற்றவாளி. ‘இன்னும் கொஞ்சம் சக்தி, இன்னும் கொஞ்சம் வேகம்’ என்று ஷெட்டிலே ஏற்றுகிறார்களே, அந்தக் ‘கொஞ்சம்’தான் மயிலிறகு.

புறநானூற்றிலே ஒளவையார் உப்பு வணிகரின் வண்டியைக் காட்டுகிறார். உப்பு ஏற்றிக்கொண்டு மேடு பள்ளம் ஏறி இறங்க வேண்டிய வண்டி. அதனாலே அடியிலே இன்னோர் அச்சைக் கட்டி வைத்திருப்பார்கள். சேம அச்சு என்று பெயர். பாரம் ஏற்றுவதற்கு முன்னாலேயே முறிந்தால் என்ன செய்வது என்று யோசித்த இனம் ஐயா இது! ஈராயிரம் ஆண்டு கழித்து, முறியட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறோம்.

எதிரணியின் மூன்று பெரிய ஆதாரங்களுக்கு இப்போது வருகிறேன். அவற்றுக்குப் பதில் சொல்லாமல் போனால் நடுவர் மதிப்பெண் குறைப்பார்.

முதல் ஆதாரம், இந்தக் கரையின் கட்டுமரம். கவிஞர் உருக்கமாகச் சொன்னார்: “மரத்தைக் கட்டிக் கடலிலே போன மீனவன், அதிலேயே மோட்டாரை மாட்டினான். அது மாற்றம் இல்லையா?” கவிஞரே, கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்துக்குக் கேட்டமரன் ஆகப் போயிருக்கிறது. அந்தப் பெருமைக்கு உங்களோடு சேர்ந்து நானும் தலை நிமிர்கிறேன். கட்டுமரத்திலே மோட்டார் மாட்டிப் பார்த்ததும் உண்மை. ஆனால் இதோ, நமக்குப் பின்னாலே கரையிலே ஏற்றி வைத்திருப்பது என்ன? ஃபைபர் படகு. கட்டுமரம் துடுப்புக்கும் பாய்க்கும் பிறந்தது. மோட்டாரைத் தாங்கத் தட்டையான பின்பக்கம் அதற்குக் கிடையாது. ஃபைபர் படகு, மோட்டாருக்கென்றே இடம் வைத்து வார்த்தது. 2004 டிசம்பர் 26ஐப் பற்றி இந்தக் கரையிலே நின்றுகொண்டு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு நிவாரணமாக இந்தக் கடலோரத்துக்கு வந்தவற்றிலே ஃபைபர் படகுகள் ஏராளம். எது வேகத்துக்கும் பாரத்துக்கும் செய்யப்பட்டதோ, அதைத்தான் கடலறிந்தவர்கள் கைக்கொண்டார்கள். மோட்டார் மாறினால் உடலும் மாற வேண்டும் என்பது இந்த ஊர் மீனவருக்குத் தெரியும். ஷெட்டுக்குப் போகிற பையனுக்குத்தான் தெரியவில்லை! (பலத்த கைதட்டல்)

இரண்டாவது ஆதாரம், மினி கூப்பர். சீமையிலே 1959இலே வந்த குட்டிக் கார் மினி. 848 சி.சி., 34 குதிரைத்திறன். ஜான் கூப்பர் என்ற பந்தயக் கார்க்காரர் அதை மாற்றினார், 1961இலே மினி கூப்பர் வந்தது, 1964இலே மான்டி கார்லோ ராலியிலே வென்றது என்றார் வழக்கறிஞர் தம்பி. எல்லாம் சரி. ஆனால் அந்த வண்டியைக் கூப்பர் தன் கொல்லைப்புறத்திலே செய்து விற்கவில்லை. மினியைச் செய்த கம்பெனியே தன் தொழிற்சாலையிலே செய்து விற்றது. குதிரைத்திறன் 34இலிருந்து 55 ஆனபோது, முன் சக்கரத்திலே டிஸ்க் பிரேக்கும் சேர்ந்தே வந்தது. தம்பி குதிரையை எண்ணினார், கடிவாளத்தை எண்ணாமல் விட்டுவிட்டார். மினி கூப்பர் என் கட்சிக்காரர்!

மூன்றாவது, கோயம்புத்தூர் கரிவரதன். இந்தப் பெயரை எதிரணி சொன்னபோது நானும் கைதட்டினேன். மாருதி 800 இஞ்சினை வைத்து, 1980களின் கடைசியிலே ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை இந்த மண்ணிலே உருவாக்கிய மனிதர். அந்த வண்டிகளிலே தொடங்கியவர்தான் 2005இலே ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குப் போன முதல் இந்தியர், நம் நரேன் கார்த்திகேயன். ஆனால் கரிவரதன் என்ன செய்தார்? மாருதி காரின் இஞ்சினைக் கிளறிவிட்டு ரோட்டிலே விட்டாரா? இல்லை! இஞ்சினை எடுத்தார். அதற்கென்று தனிச் சட்டம், தனி உடல், ஒரே ஓர் இருக்கை, எல்லாவற்றையும் புதிதாகச் செய்தார். ஓட்டியது எங்கே? பந்தயத் திடலிலே. எதிரே மாடு வராது, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை வராது. அவர் வழியிலே போகிறேன் என்பவன் திடலுக்குப் போகட்டும். நானே வந்து கொடி அசைக்கிறேன்!

சட்டம் என்ன சொல்கிறது? வழக்கறிஞர் தம்பி இதை மட்டும் தொடாமல் நழுவிவிட்டார். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 52ஆவது பிரிவு. தயாரித்தவர் குறித்துக் கொடுத்ததும் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதும் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கிலே, 2019 ஜனவரியிலே உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும்! என் மாணவன் அடுக்கினானே பட்டியல், அதை ஆர்.டி.ஓ. அடுக்கினால் என்ன ஆகும்? இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் இஞ்சினை மாற்றியிருந்தால், விபத்து நேரத்திலே இழப்பீட்டை அவர்கள் மறுக்கவும் கூடும். அன்றைக்கு மெக்கானிக் வரமாட்டார். அப்பாதான் வருவார், வீட்டுப் பத்திரத்தோடு.

நடுவர் அவர்களே, மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கால் இழந்த ஒருவர் கையாலேயே பிரேக் போடும்படி வண்டியை அனுமதியோடு மாற்றுகிறாரே, அதைக் கும்பிட வேண்டும். சட்டமும் அதற்கு வழி வைத்திருக்கிறது. தேய்ந்த டயரை வைத்துக்கொண்டு ஓட்டாமல், கம்பெனி சொன்ன அளவிலே நல்ல டயர் போடுங்கள், நல்ல பிரேக் பேட் போடுங்கள், வரவேற்கிறேன். நிற்பதற்காகச் செலவு செய்கிற யாரையும் நான் எதிர்க்கவில்லை.

பேஸ் மாடலையும் நான் தாழ்த்தவில்லை. அது குறையுள்ள வண்டி அல்ல, அளவுள்ள வண்டி. அதன் இஞ்சினும் பிரேக்கும் ஒன்றையொன்று தெரிந்துகொண்டு, ஒத்த தம்பதி மாதிரி வாழ்கின்றன. வேகம் வேண்டாம் என்றால் அதுவே போதும், குடும்பத்தோடு சிதம்பரம் போய்க் கூத்தனைக் கும்பிட்டுவிட்டு வரலாம். வேகம்தான் வேண்டும் என்றால், வேகத்துக்கென்றே பிறந்ததை வாங்குங்கள். இன்று கையிலே பணம் இல்லையா? இரண்டு வருஷம் சேருங்கள். காத்திருப்பதிலே கேவலம் இல்லை தம்பி.

கடைசியாக ஒன்று. மனுநீதிச் சோழன் கதை எல்லாருக்கும் தெரியும். தந்தையின் நீதியைத்தான் எப்போதும் பேசுகிறோம். நான் தேரைப் பற்றிப் பேசுகிறேன். திருவாரூர்த் தெருவிலே இளவரசன் தேரோட்டிப் போகிறான். அவன் கெட்டவன் இல்லை. கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. கன்று துள்ளி வந்தது. தேர் நிற்கவில்லை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு பசு அழுதது, மணி அடித்தது, தகப்பன் நீதி சொன்னான். இத்தனையும் எதனாலே? நிற்க வேண்டிய இடத்திலே ஒரு தேர் நிற்காததாலே.

என் காசு, என் வண்டி, என் விருப்பம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். காசு உன்னுடையதுதான் ராஜா. வண்டியும் உன்னுடையதுதான். ரோடு உன்னுடையது மட்டுமா? ஆல்ட்ரேஷன் பண்ணும்போது உன்னைக் கேட்டார்கள், மெக்கானிக்கைக் கேட்டார்கள். சாயங்காலம் மாட்டை ஓட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்கிற அந்தக் கிழவியை யார் கேட்டார்கள்? சைக்கிளிலே டியூஷன் போகிற பெண்பிள்ளையை யார் கேட்டார்கள்? கன்றை யார் கேட்டார்கள்? அவர்கள் எல்லாரும் ஒரே ஒரு நம்பிக்கையிலே ரோட்டைக் கடக்கிறார்கள்: வருகிற வண்டி நிற்கும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை ஷெட்டிலே கழற்றி வைத்துவிட்டு வர உனக்கு உரிமை இல்லை. (நீண்ட கைதட்டல்)

ஓடத் தெரிந்த வண்டியை எந்த ஷெட்டிலும் செய்யலாம். ஓடவும் தெரிந்து நிற்கவும் தெரிந்த வண்டியை, அதற்கென்றே உட்கார்ந்து செய்து, சோதித்து, பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது தொழிற்சாலைதான். எனவே வேகமான கார் வேண்டுவோர்க்கு ஏற்ற வழி, கம்பெனியே வேக வண்டியாகச் செய்ததை வாங்குவதே என்று நல்ல தீர்ப்பு வழங்கும்படி நடுவர் அவர்களை வேண்டுகிறேன். வீட்டுக்குப் போகும்போது மெதுவாகப் போங்கள்.